சென்ட்டுக்கு 190 ரூபாய்

ரெண்டு நாளா எல்லா குரூப்லயும் சுத்திட்டு இருக்கே, எங்க நீலகிரில மண்சரிவுல நிலம் போன ஒரு பெரியவர் 7,600 ரூபாய் நிவாரண செக் வாங்கற போட்டோ, அதப் பத்திதான். அதுக்குக் கீழ ஒருத்தர் போட்ட கமெண்ட்டும் பாத்திருப்பீங்க. "ஏழாயிரத்து அறுநூறு சும்மா வருது, சிரிச்சுட்டு வாங்கிட்டுப் போகாம மூஞ்சிய ஏன் அப்படி வெச்சிருக்கார்?"னு கேட்டிருந்தார். அதுக்கு ஏகப்பட்ட சிரிப்பு ரியாக்‌ஷன் வேற. சிரிச்சவங்கள்ல சில பேர் என் ஃப்ரெண்ட் லிஸ்ட்ல இருக்கீங்க. பாத்தேன், பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம இருக்கலாம்னுதான் நெனச்சேன், முடியல.

அந்தப் பெரியவருக்குப் போனது 40 சென்ட். மண்சரிவுல நிலமே அடிச்சுட்டுப் போச்சுன்னா பேரிடர் நிவாரண நிதி விதிப்படி ஒரு ஹெக்டேருக்கு 47,000 ரூபாய், அதுவும் சிறு குறு விவசாயிக்கு மட்டும். 2022-ல போட்ட ரேட்டு இது, அதுக்கு முன்னாடி 37,500. ஹெக்டேர்னு சொன்னா பெருசா தெரியும். வகுத்துப் பாருங்க, ஒரு சென்ட்டுக்கு 190 ரூபாய். ஊட்டில ஒரு சென்ட் என்ன வெலைன்னு உங்களுக்கே தெரியும், ரிசார்ட் கட்ட எடம் தேடி போன் பண்ணுவீங்களே. அந்த சென்ட்டுக்கு 190. சிரிச்சுட்டு வாங்கணுமாம்.

"பயிருக்குத் தனியா குடுக்கறாங்கல்ல?"னு ஒருத்தர். குடுக்கறாங்க. 33 சதவீதத்துக்கு மேல சேதம் இருந்தா மானாவாரிக்கு 8,500, பாசனத்துக்கு 17,000, பல வருஷப் பயிருக்கு 22,500, எல்லாம் ஹெக்டேருக்கு, ரெண்டு ஹெக்டேர் வரைக்கும்தான். சரி, வாங்கிக்கறோம். ஆனா போனது பயிர் இல்லைங்க, நிலம். கேரட் போனா அடுத்த போகம் போட்டுக்கலாம், பூண்டு அழுகினா அடுத்த வருஷம் பாத்துக்கலாம். மேல்மண்ணு மொத்தமா ஓடைக்குப் போய் அடிப்பாறை வெளிய தெரிஞ்சா அதுல என்னத்த போடறது? இந்த ஒரு விஷயம்தான் யாருக்கும் மண்டைல ஏறமாட்டேங்குது. பேப்பர்ல வந்தாலும் "பயிர் சேதம்"தான், அமைச்சர் பேசினாலும் "பயிர் சேதம்"தான். நிலம் போச்சுங்க, நிலம்!

இன்னொரு வேடிக்கை இருக்கு. நிலம் 'போச்சா' இல்ல 'மூடிருச்சா'ன்னு அவங்கதான் முடிவு பண்ணுவாங்க. மேல இருந்து வந்த மண்ணும் கல்லும் உங்க நிலத்துல குமிஞ்சு கிடந்தா அது 'மூடினது', ஹெக்டேருக்கு 18,000, அதாவது சென்ட்டுக்கு 73 ரூபாய். அதை வெச்சு நீங்க கல்லு மண்ணெல்லாம் அள்ளிக்கணும். ஜேசிபி வேணும்னா நீலகிரில அதுக்கு பர்மிஷன் வாங்கணும், அது ஒரு தனி அலைச்சல். பர்மிஷன் வந்தாலும் எங்க பக்கம் ஒரு மணி நேரத்துக்கு ஆயிரத்துக்குக் கீழ எந்த வண்டியும் வராது. அதான் பாதிப்பேர் அள்ளறதே இல்ல, அப்படியே விட்டுட்டு கோயமுத்தூர், திருப்பூர்னு வேலைக்குப் போயிடறாங்க. அப்புறம் நீங்களே வந்து "நீலகிரில விவசாயம் அழிஞ்சு போச்சு"ன்னு சோக ஸ்டேட்டஸ் போடுவீங்க.

2009 நவம்பர் எங்கள்ல யாருக்கும் மறக்காது. ஊட்டி பக்கத்துல கேத்தில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் மழை. மாவட்டத்துல 40 பேருக்கு மேல செத்தாங்க. சரிவுல படிப்படியா இருந்த எங்க அப்பா நிலத்துல கீழ்ப்படி மூணும் ராத்திரியோட ராத்திரியா சரிஞ்சு எறங்கிருச்சு. அளக்க வந்த ஆபீசர் ரோட்டுலயே நின்னுட்டாரு, ஷூ சேறாயிடும்ல. அங்க இருந்தே "சர்வே கல்லு எங்கங்க?"ன்னு கேட்டாரு. அப்பா கைய நீட்டிக் காட்டுனாரு. கீழ ஓடைல, ஒரு சில்வர் ஓக் மரம் வேரோட கிடக்க, அதுக்குப் பக்கத்துல கவுந்து கிடந்துச்சு கல்லு. "கல்லு எடத்துல இல்லாம எப்படிங்க எல்லை பிக்ஸ் பண்றது"ன்னாரு அவரு. அப்பா அதுக்கு மேல பேசல. அன்னிக்கு அவரு ஒரு கெட்ட வார்த்தை பேசியிருந்தா எனக்கு இப்ப கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும்.

அதோட எங்க பட்டாவும் தாத்தா பேர்ல இருக்கற கூட்டுப்பட்டா. விதில என்ன இருக்குன்னா, வருவாய்த்துறை ரெக்கார்டுல உரிமை சரியா இருக்கணும். மலைல எத்தன பேருக்கு அப்படி சரியா இருக்கு? கூடலூர், பந்தலூர் பக்கம் போய்ப் பாருங்க, ஜென்மம்னு சொல்ற பழைய ஜமீன் மாதிரி நிலங்கள ஒழிக்க 1969-ல போட்ட சட்டத்துல, உரிமை யாருக்குன்னு முடிவாகாத 'பிரிவு 17' நிலம்னு மாட்டி, ரெண்டு மூணு தலைமுறையா உழைக்கற மண்ணுக்கு இன்னும் பட்டா இல்லாம உக்காந்திருக்காங்க. அவங்க நிலம் நாளைக்கு சரிஞ்சா அந்த 190-ம் கிடையாது.

"காட்டை அழிச்சது யாரு, சரிவுல கேரட் போட்டது யாரு"ன்னு வருவீங்க, தெரியும். இதுல கொஞ்சம் நியாயம் இருக்கு, இல்லைங்கல, தண்ணி வடியற வாய்க்கால மூடி பாத்தி போட்டவன் எங்க ஊர்லயும் உண்டு. ஆனா மலைய வெட்டி நாலு மாடி காட்டேஜ் கட்டினவன்கிட்ட இந்தக் கேள்விய கேட்டீங்களா? அவன் ரூம்ல தங்கி பால்கனில டீ கப்போட போட்டோ போட்டீங்களே, அப்ப எங்க போச்சு சுற்றுச்சூழல்? ஆபத்தான இடம்னு மாவட்டத்துல 283 இடம் லிஸ்ட் போட்டு வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி பேப்பர்ல வருது. லிஸ்ட் இருக்கு. அந்த இடத்துல நிலம் வெச்சிருக்கறவனுக்கு என்ன பண்ணப் போறீங்கங்கற லிஸ்ட் எங்க?

"எங்க வரிப்பணத்த ஏன் குடுக்கணும்"னு பேசறவங்களுக்கு பதில் சொல்ல எனக்கு பொறுமை இல்ல. உரத்துக்கும் டீசலுக்கும் நாங்களும் வரி கட்டறோம்.

பக்கத்துல கேரளாவுல வயநாட்டையே பாருங்க. 2024 ஜூலை 30, சூரல்மலை, முண்டக்கை மண்சரிவு, நாடே அழுதுச்சு. அப்படிப்பட்ட இடத்துக்கே மத்திய அரசு அடுத்த பிப்ரவரில 529.50 கோடிய கடனாத்தான் குடுத்துச்சு, வட்டி இல்லாத கடன், 50 வருஷத்துக்கு. பாதிக்கப்பட்டவங்க பேங்க் லோனத் தள்ளுபடி பண்ணுங்கன்னு ஹைகோர்ட் கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு. டிவில வாரக்கணக்கா வந்த ஊருக்கே அந்த கதி. 40 சென்ட் போன ஒத்த ஆளுக்கு யாரு வரப்போறா?

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. போன நிலத்துக்கு வேற இடத்துல நிலம் குடுங்க, முடியலையா, பத்திரப்பதிவுக்கு அரசாங்கமே வெச்சிருக்கற கைடுலைன் வேல்யூவாவது குடுங்க. ரோடு போட நிலம் எடுத்தா அதுக்கு மேலயே குடுக்கறீங்கல்ல? "அது அரசாங்கம் எடுக்கறது, இது இயற்கை எடுத்தது"ம்பீங்க. எடுக்கப்பட்டவனுக்கு ரெண்டும் ஒண்ணுதாங்க.

ஷேர் பண்றவங்க பண்ணுங்க. அந்த கமெண்ட் போட்டவர மட்டும் இங்க டேக் பண்ணாதீங்க, அவரு மாமனாரு எங்களுக்கு ஒரு வகைல சொந்தம், வர்ற மாசம் அவங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வேற போகணும்.