21 கியரும் இரண்டு சீப்பு மட்டிப்பழமும்

(நாகர்கோவில் வடசேரியில் ஒரு சைக்கிள் கடை. வேட்டியை மடித்துக் கட்டிய ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவர், வாசலில் நிற்கும் மலைச் சைக்கிளின் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கிறார். டயர் அமுங்கவில்லை; விரல்தான் வலிக்கிறது.)

சார்: அண்ணாச்சி, இந்த 21 கியர் வண்டியை எனக்கு எடுத்துக் கொடுங்கள். எங்கள் மொட்டைமாடியில் நின்றால் தாடகை மலை முழுவதும் தெரிகிறது.

அண்ணாச்சி: மலையைப் பார்க்க மொட்டைமாடி போதுமே, சார். இந்த டயரின் பல் பல்லான ரப்பர், சேற்றையும் சரளையையும் கவ்விப் பிடிப்பதற்காக வைத்தது. தார்ச்சாலையில் அது உறுமிக்கொண்டே உங்கள் பலத்தைத் தின்னும். முன்னால் இருக்கும் ஸ்பிரிங்கோ, நீங்கள் எழுந்து நின்று மிதிக்கும்போதெல்லாம் கொஞ்சத்தைத் தான் விழுங்கிவிட்டு மிச்சத்தைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கும்.

சார்: அப்படியென்றால் அது எங்கள் பழைய அலுவலகம் மாதிரி, வேண்டாம். ஆட்டுக்கொம்பு போல் கைப்பிடி வளைந்த அந்த ஒல்லி வண்டியைத் தாருங்கள். ஆரல்வாய்மொழி வரை பறந்துவிட்டு வருகிறேன்.

அண்ணாச்சி: போகும்போது பறப்பீர்கள், அதில் ஐயமில்லை. ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து கணவாய்க்குள் பாயும் காற்று, முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றுவதோடு உங்களையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போகும். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறையும். நெஞ்சு கைப்பிடியைத் தொடுமளவுக்குக் குனிந்தால்தான் வண்டி நகரும். தவிர, 28 மில்லிமீட்டர் டயர். மோட்டார் சைக்கிளைப் போல் இரண்டு மடங்கு அழுத்தத்தில் காற்று அடிக்க வேண்டும். உங்களால் குனிய முடியுமா?

சார் (கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்து, பாதியில் நின்று): பேனா அங்கேயே கிடக்கட்டும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று உண்டாமே, ஹைப்ரிட்?

அண்ணாச்சி: நல்ல வண்டிதான். நீங்கள் தினமும் எங்கே போவீர்கள்?

சார்: மாத்தூர் தொட்டிப்பாலம், பேச்சிப்பாறை அணை...

அண்ணாச்சி: அது ஆசை. நாளைக் காலையில் எங்கே?

சார்: ஒழுகினசேரியிலிருந்து கனகமூலம் சந்தைக்கு. கொஞ்சம் மீன், கீரை, இரண்டு சீப்பு மட்டிப்பழம்.

அண்ணாச்சி: அவற்றை எங்கே வைப்பீர்கள்? இந்த ஹைப்ரிட்டில் கேரியரும் இல்லை, மட்கார்டும் இல்லை. நம் ஊரில் இரண்டு பருவமும் மழை. பின்சக்கரம் உங்கள் முதுகில் சேற்றால் நாமம் போட்டுவிடும். எதற்கும் ஏறிப் பாருங்கள்.

(சார் காலைத் தூக்கி, சீட்டுக்கு முன்னால் குறுக்கே ஓடும் பாரைத் தாண்டப் பார்க்கிறார். வேட்டி, சீட்டின் மூக்கில் மாட்டிக்கொள்கிறது. ஒற்றைக் காலில் நிற்கும் மனிதர் எதைச் சொன்னாலும் ஒப்புக்கொள்வார் என்பது நல்ல வியாபாரிக்குத் தெரியும். அண்ணாச்சி அவசரப்படாமல் வேட்டியை விடுவிக்கிறார்.)

அண்ணாச்சி: பார் தாழ்ந்த அந்த வண்டியைப் பாருங்கள். காலைத் தூக்காமல் ஏறலாம், நிமிர்ந்து உட்காரலாம், செயின் கவர் இருப்பதால் வேட்டியைக் கடிக்காது.

சார் (குரலைத் தாழ்த்தி): அது பெண்கள் சைக்கிள் அல்லவா? ஒழுகினசேரிப் பாலத்தில் நான்கு பேர் பார்ப்பார்களே!

அண்ணாச்சி: அந்த நான்கு பேரில் ஒருவராவது உங்கள் இடுப்புக்குத் தைலம் தேய்க்க வருவாரா?

சார்: முன்னாலிருக்கும் அந்தக் கூடையையாவது கழற்றிவிடுங்கள்.

அண்ணாச்சி: கழற்றலாம். மட்டிப்பழத்தைக் கேரியரில் கட்டினால், வீடு சேர்வதற்குள் அது பஞ்சாமிர்தமாகிவிடும்.

சார் (நீண்ட யோசனைக்குப் பின்): கூடை இருக்கட்டும். 21 என்ற அந்த எண்ணை மட்டும் எங்காவது ஒட்டித் தர முடியுமா?