தலைக்கு இவ்வளவு என்று பங்கிட்டால் நெடுந்தீவுப் பிள்ளைக்கு என்ன மிஞ்சும்?

இலங்கைப் பாராளுமன்றத்தின் வரவு செலவுத் திட்டக் குழுநிலை விவாதத்தில் கல்வி அமைச்சின் நாள் வந்ததும் ஆசிரியர் பற்றாக்குறை, இடிந்த கட்டடம், மலசலகூடம் இல்லாத பள்ளிக்கூடம் என்று பேச்சுக் காணொளிகள் எங்கள் பக்கங்களில் சுற்றத் தொடங்கும். சொல்லப்படுபவை உண்மைதான். ஆனால் நாட்டின் ஏறத்தாழ 10,000 அரச பாடசாலைகளில் மத்திய அரசு நேரே நடத்தும் தேசிய பாடசாலைகள் 400 அளவில்தான். மிச்சமெல்லாம் மாகாணப் பாடசாலைகள். அவற்றின் சம்பளமும் நாளாந்தச் செலவும் அன்றைக்குப் பேசப்படும் கல்வி அமைச்சின் செலவுத் தலைப்பில் இல்லை. மாகாண சபைகளுக்குப் பொறுப்பான அமைச்சின் தலைப்பின் கீழ், மாகாணத்துக்கான கொடை என்ற ஒற்றை வரியாக, இன்னொரு நாளில் அது நிறைவேறிப் போகிறது. நெடுந்தீவு போன்ற யாழ்ப்பாணத்துத் தீவகத்துப் பள்ளிக்கூடத்தைப் பற்றி உருக்கமாகப் பேசும் நாள் ஒன்று, அதற்கான காசு தீர்மானமாகும் நாள் வேறொன்று.

மாகாண சபைகளை உருவாக்கிய அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தின்படி மாகாணங்களுக்கான நிதியைப் பரிந்துரைப்பது நிதி ஆணைக்குழு. சனத்தொகை, தலா வருமானம், சமூக பொருளாதார ஏற்றத்தாழ்வைப் படிப்படியாகக் குறைக்க வேண்டிய தேவை ஆகியவற்றை அது கருத்தில் எடுக்க வேண்டும் என்று அரசியலமைப்பே சொல்கிறது. மாகாணத்துக்கும் மாகாணத்துக்கும் இடையில் தேவையைப் பார்க்க வேண்டும் என்ற கொள்கை எழுத்தில் இருக்கிறது. காசு மாகாணத்துக்கு வந்த பிறகு, கல்வி வலயத்துக்கும் வலயத்துக்கும், பாடசாலைக்கும் பாடசாலைக்கும் இடையில் அதே கொள்கையைப் பின்பற்றச் சொல்லும் சட்டம் இல்லை. என் முறைப்பாடு முழுவதும் இந்த இடத்தில்தான்.

பாடசாலையின் கைக்கு நேரே வருவது தர உள்ளீட்டு நிதி. தாள், வெண்கட்டி, ஆய்வுகூடப் பொருள், விளையாட்டுப் பொருள், பிரதி இயந்திரச் செலவு எல்லாம் இதற்குள். 2000 ஆம் ஆண்டளவில் இது கொண்டுவரப்பட்டபோது நல்ல முன்னேற்றம். அதற்கு முன் யாருக்கு யாரைத் தெரியும் என்பதே பெரும்பாலும் கணக்காக இருந்தது. மாணவர் எண்ணிக்கை, தரம், பாடத்துறை ஆகியவற்றை வைத்து அலகுச் செலவு கணிக்கப்படுகிறது. சிறிய பாடசாலைகளுக்குச் சாதகமான சரிப்படுத்தலும் உண்டு. ஆனால் பிள்ளை எந்த வீட்டிலிருந்து வருகிறது என்பதற்கு அதில் நிறை, அதாவது கணக்கில் கூடுதல் மதிப்பு, இல்லை. மூன்று நேரமும் சாப்பிட்டு, பின்னேரம் இரண்டு ரியூசனுக்குப் போகும் பிள்ளையும், பருவகால மீன்பிடிக் குடியிருப்பான வாடிக்குப் போன தகப்பனுடன் பருவத்துக்குப் பருவம் இடம் மாறும் பிள்ளையும் அங்கே ஒரே ஒன்றுதான்.

எண்ணில் பார்ப்போம். கீழே வருபவை எடுத்துக்காட்டுக்கு நான் வைக்கும் தொகைகள், உண்மையான ஒதுக்கீடுகள் அல்ல. பாடசாலை அ தீவில் இருக்கிறது, 60 பிள்ளைகள். பாடசாலை ஆ நகரத்தில், 900 பிள்ளைகள். தலைக்கு 1,000 ரூபா என்றால் அ-வுக்கு 60,000, ஆ-வுக்கு 900,000. இரண்டுக்கும் ஒரு பிரதி இயந்திரம் வேண்டும், ஒரு இணைய இணைப்பு வேண்டும், மின்கட்டணம் கட்ட வேண்டும். 60,000 ரூபாவில் இவற்றைக் கழித்தால் பிள்ளைக்கென்று எதுவும் மிஞ்சாது.

இப்போது ஒவ்வொரு பாடசாலைக்கும் நிலையான அடித்தொகை 150,000 என்று வைப்போம். அதற்கு மேல் ஒவ்வொரு பிள்ளைக்கும் நிறை 1. அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசுமவில் மிக வறிய, வறிய என்ற இரண்டு பிரிவுகளில் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்குக் கூடுதலாக 0.4. விசேட தேவையுள்ள பிள்ளைக்குக் கூடுதலாக 1. படகில் மட்டும் போய்ச் சேரக்கூடிய பாடசாலையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் 0.2. அ-வில் 40 பிள்ளைகள் வறிய வீடு, 4 பேர் விசேட தேவை என்றால் 60 + 16 + 4 + 12 = 92. ஆ-வில் 180 பேர் வறிய வீடு, 10 பேர் விசேட தேவை என்றால் 900 + 72 + 10 = 982. நிறைக்கு 1,000 ரூபா வீதம் அ-வுக்கு 242,000, ஆ-வுக்கு 1,132,000.

மொத்தத் தொகை கூடாவிட்டால்? இதைத்தான் பெரிய பாடசாலைகளின் பெற்றார் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து இருப்பது பழைய 960,000 மட்டும் என்றால், அடித்தொகை 300,000 போக மிச்சத்தை 1,074 நிறையால் பிரிக்க நிறைக்கு 614 ரூபா சொச்சம். அ-வுக்கு ஏறத்தாழ 206,500, ஆ-வுக்கு 753,500. பெரிய பாடசாலையில் பிள்ளை ஒன்றுக்கு வருடத்துக்கு 163 ரூபா குறைகிறது. சிறிய பாடசாலையின் கையிருப்பு மூன்று மடங்குக்கு மேல் கூடுகிறது. உண்மையான வலயத்தில் சிறிய பாடசாலைகள் பல, பெரியவை சில என்பதால் பெரியவற்றின் இழப்பு இதைவிடக் கூடவே இருக்கும். அதை மறைக்காமல் மேசையில் வைத்துத்தான் விவாதிக்க வேண்டும். பழைய மாணவர் சங்கம் ரொறன்ரோவிலும் லண்டனிலும் கிளை வைத்திருக்கும் பாடசாலை அந்த இழப்பைத் தாங்கும். 60 பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கு அப்படியொரு சங்கம் பெயருக்குக்கூட இருக்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அ-வின் ஆதாயத்தில் பெரும்பங்கு அடித்தொகையால் வந்தது, வறுமை நிறையால் அல்ல. வறுமை நிறை வேலை செய்வது நடுத்தர அளவுப் பாடசாலைகளில். கரையோரத்தில் 350 பிள்ளைகள், 260 பேர் வறிய வீடு: நிறை 454. ஊருக்குள் அதே 350, வறியவர் 60: நிறை 374. நிறைக்கு 1,000 என்றால் வித்தியாசம் 80,000. இன்றைய தலைக்கணக்கில் இந்த இரண்டு பாடசாலைகளும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இது புதுச் சிந்தனை ஒன்றும் அல்ல. கலிபோர்னியாவில் 2013 இல் சட்டமாக்கினார்கள். வறிய வீட்டுப் பிள்ளை, ஆங்கிலம் இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளை, அரச பராமரிப்பில் வளரும் பிள்ளை ஆகிய ஒவ்வொருவருக்கும் அடிப்படைத் தொகையின் 20 வீதம் கூடுதல். ஒரு பாடசாலை மாவட்டத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகள் 55 வீதத்தைத் தாண்டினால், தாண்டிய பங்குக்குச் செறிவுக் காசாக இன்னும் 50 வீதம். 2021 இல் அந்த 50 ஐ 65 ஆக்கினார்கள். ஆளுநர் ஜெரி பிறவுண் முதலில் முன்வைத்த கூடுதல் 35 வீதம். சட்டமன்றத்தில் இழுபறிப்பட்டு 20 ஆனது, பதிலுக்கு எல்லாருக்குமான அடிப்படைத் தொகை கூடியது. கலப்பான மாவட்டத்தில் இருக்கும் வறிய பிள்ளை என்ன பாவம் செய்தது, செறிவுக்கென்று ஏன் தனிக் காசு என்று எதிர்த்தவர்களும் இருந்தார்கள். நியாயமான கேள்வி. விவாதம் அந்த மட்டத்தில், வீதத்திலும் எல்லைக்கோட்டிலும் நடந்ததுதான் எனக்கு முக்கியம்.

அங்கே பிழைத்த இடங்களிலிருந்து எங்களுக்குப் படிக்க நிறைய இருக்கிறது. முதலாவது, காசு மாவட்டத்துக்குப் போனது, பாடசாலைக்கு அல்ல. மாவட்டச் சராசரி 50 வீதம் என்றால், அதற்குள் 95 வீதம் வறிய பிள்ளைகள் படிக்கும் பாடசாலைக்கும் செறிவுக் காசு இல்லை. எங்கள் வலயங்களில் இதை அப்படியே செய்தால் அதே கதைதான். யாழ்ப்பாண வலயத்தின் சராசரிக்குள் நகரப் பெரும் பாடசாலைகளும் கரையோரக் குடியிருப்புகளின் சின்னப் பாடசாலைகளும் ஒன்றாகக் கலந்துவிடும். வடமராட்சியில் பருத்தித்துறையும் மருதங்கேணியும் ஒரே வலயம். ஆகவே கணக்குப் பாடசாலை மட்டத்தில் போட வேண்டும், காசும் பாடசாலைப் பெயரில் இறங்க வேண்டும். கலிபோர்னியாவே 2023 இல் இதை உணர்ந்து, வறுமை 70 வீதத்தைத் தாண்டி, வருட நடுவில் பிள்ளைகள் அடிக்கடி மாறும் பாடசாலைகளுக்கென்று நேரடியாக 300 மில்லியன் டொலர் ஒதுக்கியது. வாடிக்குப் போய்வரும் குடும்பங்களின் பிள்ளைகளை வைத்திருக்கும் அதிபர்களுக்கு அந்த இரண்டாவது நிபந்தனை நன்றாக விளங்கும்.

இரண்டாவது, அங்கே காசு வருகைப் பதிவின்படி. வறிய பிள்ளைதான் கூடுதலாகப் பள்ளிக்கூடம் வராமல் நிற்கும். ஆகவே கூடுதல் காசு தேவையான இடத்திலேயே காசு குறையும். நாங்கள் இடாப்பில் உள்ள எண்ணிக்கையைவிட்டு வருகைக்கு மாறவே கூடாது.

மூன்றாவது, மிஞ்சிய காசு. 2019 இல் மாநிலக் கணக்காய்வாளர் கண்டது இது: வறிய பிள்ளைகளுக்கென்று வந்த கூடுதல் தொகை அந்த வருடத்தில் செலவாகாவிட்டால், அடுத்த வருடம் அதன் அடையாளம் அழிந்து பொதுக் காசாகிவிடுகிறது, பிறகு எதற்கும் செலவழிக்கலாம். 2021 இல் சட்டத்தைத் திருத்தி, மிஞ்சியதை அதே பிள்ளைகளின் பெயரில் அடுத்த வருடக் கணக்கில் காட்ட வைத்தார்கள்.

எங்களுடைய நிலை இதைவிட மோசம். ஒதுக்கீடு தாளில் இருக்கும், செலவழிக்கக் கையில் விடுவிக்கும் பணமான கட்டுநிதி வராது. திறைசேரியிலிருந்து கட்டுநிதி மாகாணத்துக்கு வந்து, வலயத்துக்கு வந்து, பாடசாலைக் கணக்கில் விழும்போது வருடம் பாதி கடந்திருக்கும். டிசம்பர் 31 உடன் நிதியாண்டு முடிகிறது. நெடுந்தீவில் தாள் வாங்குவதை எடுங்கள். மூன்று விலைமனு வேண்டும். கடைகள் யாழ்ப்பாண நகரத்தில். குறிகாட்டுவான் இறங்குதுறைக்கு ஒரு மணித்தியாலம் அளவில் படகு, பிறகு பஸ். விலைமனு எடுக்க ஒருமுறை, பொருள் எடுக்க ஒருமுறை. பொருளை இறங்குதுறைக்குக் கொண்டுவரக் கூலி, படகில் ஏற்றக் கூலி, இறக்கக் கூலி, அங்கிருந்து பாடசாலைக்கு லான்ட்மாஸ்டர் என்ற சிறு உழவு இயந்திரம். கடைக்காரர் தரும் பற்றுச்சீட்டில் தாளின் விலை மட்டும்தான் இருக்கும். கூலிக்கு யார் பற்றுச்சீட்டுத் தருவார்? கார்த்திகையில் காசு வந்தால் கடல் கொந்தளிப்பு வேறு. செலவழிக்க முடியாமல் போனால் “இந்தப் பாடசாலைக்குத் தேவையில்லை” என்று அடுத்த வருடம் குறைக்க ஒரு காரணமாகிறது. படகு நிறை 0.2 என்று மேலே வைத்தது இதற்குத்தான். போக்குவரத்துக் கூலியை அதிபரின் கையொப்பமிட்ட வவுச்சரில் ஏற்றுக்கொள்ளும் விதியும் அதனுடன் வர வேண்டும், இல்லாவிட்டால் நிறை கொடுத்தும் பயனில்லை.

யார் தேவையுள்ள பிள்ளை என்று எண்ணுவது எப்படி? வகுப்பில் கையுயர்த்தச் சொல்லக் கூடாது, வகுப்பாசிரியர் பட்டியல் எழுதவும் கூடாது. பிள்ளைக்கு அது அவமானம், ஆசிரியருக்கு அது தலையிடி. பாடசாலையின் பெயர்ப்பட்டியலைப் பிரதேச செயலகத்தின் அஸ்வெசும பட்டியலுடன் அலுவலகத்துக்குள் ஒப்பிட்டு, எண்ணிக்கையை மட்டும் வலயத்துக்குத் தரலாம். 2025 தொடக்கத்தில் கற்றல் உபகரணங்களுக்கென்று 6,000 ரூபா கொடுத்தபோது அஸ்வெசுமவையே முதல் அளவுகோலாக எடுத்தார்கள். பிறகு 300 இற்குக் குறைந்த பிள்ளைகள் படிக்கும் பாடசாலைகளையும் சேர்த்தார்கள். ஆகவே நிர்வாகத்தால் முடியாத வேலை என்று யாரும் சொல்ல முடியாது. அஸ்வெசுமவில் விடுபட்ட குடும்பங்கள் உண்டு, மேன்முறையீட்டில் நிற்பவர்கள் உண்டு. அதற்காக மூன்று வருடச் சராசரியை எடுப்பது நல்லது. ஒரு வருடப் பட்டியல் குழம்பினாலும் பாடசாலையின் காசு ஆடாது. சிறுவர் இல்லத்தில் வளரும் பிள்ளைக்கு அஸ்வெசும எடுக்கும் வீடே இல்லை. அந்தப் பிள்ளைகளை எந்த விண்ணப்பமும் இல்லாமல் தானாகவே எண்ண வேண்டும். பெண் தலைமைத்துவக் குடும்பம், வறிய குடும்பம் என்று இரண்டு பட்டியலிலும் இருக்கும் பிள்ளைக்கு நிறை ஒருமுறை போதும். இரண்டும் பெரும்பாலும் ஒரே வீடுதான். விசேட தேவை அப்படியல்ல. அதன் செலவு வறுமையின் செலவோடு சேர்த்துக் கூட்டப்பட வேண்டியது.

இவ்வளவும் தர உள்ளீட்டுக் காசைப் பற்றி. கல்விச் செலவின் மிகப் பெரும்பங்கு சம்பளம் என்பதை மறந்து இதை மட்டும் திருத்தினால் ஓட்டைப் பானையில் தண்ணீர் வார்த்த மாதிரித்தான். ஆசிரியர் சேவையில் தரம் 1 இற்கு உயர்ந்த, கூடிய சம்பளம் பெறும் ஆசிரியர்கள் நகரத்தில் குவிந்து, புதிதாக நியமனம் பெற்றவர்கள் தீவகத்துக்கும் வடமராட்சி கிழக்குக்கும் போய், கட்டாயக் காலம் முடிந்ததும் இடமாற்றம் எடுத்தால், பிள்ளை ஒன்றுக்கு அரசு செலவழிக்கும் உண்மையான காசும் அவர்களோடு நகரத்துக்கே திரும்புகிறது. ஆளணிக் கணக்கில் இரண்டு பாடசாலையும் “நிரம்பியது” என்று காட்டும். ஒவ்வொரு பாடசாலைக்கும் மொத்தச் சம்பளச் செலவைப் பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுத்து வலயம் வருடாவருடம் வெளியிட்டால் இந்தக் குவிவு எல்லாருக்கும் கண்ணுக்குத் தெரியும். யாருடைய பெயரும் வேண்டாம், பாடசாலைக்கு ஒரு எண் போதும்.

கல்வி மாகாணப் பட்டியலில் இருக்கும் விடயம். வடக்கு மாகாண சபை இருந்திருந்தால் இந்தச் சூத்திரத்தை மாகாண சபை இயற்றும் நியதிச்சட்டமாகவே கேட்டிருப்பேன். 2018 ஒக்ரோபரில் சபையின் காலம் முடிந்த பிறகு அந்தக் கதவு மூடிக் கிடக்கிறது. மாகாணத்தின் பாதீடு ஆளுநரின் அங்கீகாரத்துடன் போகிறது, எதிர்த்துப் பேச ஒரு ஆசனமும் இல்லை. எஞ்சியிருப்பது பாராளுமன்றமும் நிதி ஆணைக்குழுவும். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் 6 உறுப்பினர்களும் எந்தக் கட்சியாக இருந்தாலும், கல்வி அமைச்சின் நாளில் அல்ல, மாகாண சபைகளுக்கான தலைப்பு எடுக்கப்படும் நாளில் எழும்பி இவற்றைக் கேட்கட்டும்: மாகாணத்துக்குள் பாடசாலைகளுக்கு நிதி பிரிப்பதற்கான நிறைகளை நிதி ஆணைக்குழுவின் வழிகாட்டலில் எழுத்தில் சேர்ப்பீர்களா? தர உள்ளீட்டுக் கட்டுநிதியை முதலாம் தவணை முடிய முன் பாடசாலைக் கணக்கில் இடுவீர்களா? டிசம்பரில் மிஞ்சுவது அதே பாடசாலையின் பெயரில் அடுத்த வருடத்துக்குப் போகுமா? பதில் பாராளுமன்றப் பதிவேடான ஹன்சாட்டில் பதியப்படும். அடுத்த வருடம் அதை எடுத்துக்கொண்டுதான் வலயக் கல்விப் பணிமனையின் கதவைத் தட்ட வேண்டும்.