அட்டவணையில் மட்டும் குறையும் கணக்கீட்டுச் செலவு

செயற்கை நுண்ணறிவு மாடலின் அளவுருக்களில், அதாவது அது கற்றுவைத்திருக்கும் எடைகளில், 90 விழுக்காட்டைக் கத்தரித்துவிட்டோம், துல்லியம் துளியும் குறையவில்லை என்று மார்தட்டும் ஆய்வுக் கட்டுரையை நம்பி, அந்த மாடலை ஜிபியு எனும் கணக்கீட்டுச் சில்லில் ஓட்டிப் பார்த்தால், பழையது எடுத்துக்கொண்ட அதே நேரத்தைத்தான் புதியதும் எடுத்துக்கொள்கிறது. கத்தரித்ததாகச் சொல்லப்படும் எடைகள் எங்கும் போய்விடவில்லை. பூஜ்யங்களாக மாறி அதே எண் அணிக்குள் உட்கார்ந்திருக்கின்றன, ஜிபியுவும் அவற்றை விடாமல் பெருக்கிக்கொண்டிருக்கிறது. இதற்குப் பெயர் சிக்கனமாம்!

2020-இல் வந்த என்விடியா ஆம்பியர் ஜிபியுக்களில் அணிப் பெருக்கலுக்கென்றே உள்ள டென்சர் கோர்கள்கூட, நான்கு எடைகளுக்கு இரண்டு பூஜ்யம் என்ற ஒழுங்குக்கு உட்பட்டால்தான் பூஜ்யங்களைத் தாண்டிச் செல்லும். இது தெரிந்தும், கண்ட இடத்தில் கத்தரித்துவிட்டு எண்ணிக்கையை மட்டும் காட்டுவது என்ன நியாயம்? படங்களை வகைப்படுத்தும் விஜிஜி-16 மாடலின் ஏறத்தாழ 13.8 கோடி அளவுருக்களில் 10 கோடிக்கு மேற்பட்டவை ஒவ்வோர் உள்ளீட்டையும் ஒவ்வொரு வெளியீட்டோடும் இணைக்கும் ஒரே ஒரு முழு இணைப்பு அடுக்கில் குவிந்திருக்கின்றன. கணக்கீடோ பெரும்பாலும் படத்தின் மீது சிறு வடிகட்டிகளை நகர்த்தும் கன்வல்யூஷன் அடுக்குகளில் நடக்கிறது. அந்த ஓர் அடுக்கைச் சுரண்டினாலே அட்டவணை அழகாகிவிடும், ஓடும் நேரம் மட்டும் அசையாது.

அளவுருவை விடுங்கள், ஃப்ளாப் கணக்கையாவது, அதாவது கூட்டல் பெருக்கல்களின் எண்ணிக்கையையாவது, நம்பலாமா என்றால் அதுவும் இல்லை. மொபைல்நெட் போன்ற கைப்பேசிக்கான சிறு மாடல்களில் வரும், ஒவ்வொரு சேனலையும் தனித்தனியே கையாளும் டெப்த்வைஸ் கன்வல்யூஷன் பெருக்கல்களைப் பல மடங்கு குறைக்கிறது. ஆனால் நினைவகத்திலிருந்து தரவு வந்து சேரும்வரை ஜிபியுவின் கணக்கீட்டு அலகுகள் சும்மா காத்துக்கிடப்பதால், குறைத்த அளவுக்கு வேகம் கிடைப்பதில்லை. இதற்கு நேர்மாறானது மொழி மாடல்களின் அட்டென்ஷன் கணக்கைப் போடுவதற்கு 2022-இல் வெளிவந்த ஃப்ளாஷ் அட்டென்ஷன் முறை: பயிற்சியின்போது சில கணக்குகளை மறுபடியும் போடுவதால் அதன் ஃப்ளாப் எண்ணிக்கை கூடுகிறது, ஆனால் நினைவகப் போக்குவரத்து வெகுவாகக் குறைவதால் ஓடும் நேரம் குறைகிறது. இந்த ஒரு சான்றுக்குப் பிறகும் ஃப்ளாப் எண்ணிக்கையை மட்டும் தடித்த எழுத்தில் அச்சிடுகிறவர்களை என்னவென்று சொல்வது?

எந்த ஜிபியு, எந்த பேட்ச் அளவு (ஒரே தடவையில் எத்தனை உள்ளீடு), எத்தனை மில்லிவினாடி, எவ்வளவு மின்சாரம் என்று நான்கு விவரங்களைத் தருவதற்கு ஒரு பத்திகூட வேண்டாம். அந்த மாடலையும் பழைய மாடலையும் ஒரே ஜிபியுவில் ஓட்டி, நேரத்தைக் குறித்து, அதையும் அட்டவணையில் சேர்த்தால் போதும். அதைச் செய்யாமல் வெளிவரும் கட்டுரைகளைச் சோதிக்கும் வேலை வாசிப்பவர் தலையில் விழுகிறது. குறைத்துவிட்டதாகச் சொன்ன அதே ஜிபியு நேரத்தை, அது உண்மையில் குறைந்ததா என்று பார்ப்பதற்கே நாங்கள் செலவழித்துக்கொண்டிருக்கிறோம்.