டார்ச் வெளிச்சம் மட்டும் போதாது

இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க விமானப்படை பேட்ச் (சீருடையில் தைக்கும் துணிச் சின்னம்) புற ஊதா டார்ச்சில் ஒளிர்ந்தால் அது போலி என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. அசலையே பிற்காலத்தில் யாராவது சலவைத்தூள் போட்டுத் துவைத்திருந்தால், தூளில் உள்ள வெண்மையூட்டி நூலில் தங்கி நீலமாக மின்னும். ஒளிராத புதுப் பருத்தி நூலும் கடையில் கிடைக்கிறதே, அதில் தைத்த போலி டார்ச்சில் மாட்டாது!

நான் முதலில் பார்ப்பது ஓரத்தை. எட்டாவது விமானப்படையின் சிறகு வைத்த ‘8’ பேட்சையே எடுத்துக்கொள்ளுங்கள். போர்க்காலத்தில் அமெரிக்காவில் இயந்திரத்தில் தைத்தவை பெரும்பாலும் ஓரம் வெட்டிவிட்டவை. சுற்றிலும் கயிறு மாதிரி தடித்த ஓவர்லாக் விளிம்பு 1960களில்தான் பரவலானது. அப்புறம் திருப்பிப் பாருங்கள், பின்னால் பிளாஸ்டிக் பூச்சு இருந்தால் பேசாமல் கீழே வைத்துவிடலாம். இங்கிலாந்தில் கையால் ஜரிகை வேலை செய்தவை தனி ரகம். அவற்றில் உலோகக் கம்பி கறுத்திருக்கும். ஆனால் கறுக்க வைப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

சட்டையிலிருந்து பிரித்தது என்கிறார்களா? ஓரத்தில் தையல் ஓட்டைகள் தெரிய வேண்டும், முன்பக்கம் வெளுத்து, துணியோடு ஒட்டியிருந்த பின்பக்கம் நிறம் மாறாமல் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே பழுப்பு என்றால் பழசாகக் காட்ட டீயில் முக்கி எடுத்திருக்கிறார்களோ என்றுதான் எனக்குத் தோன்றும்.