பெயர் பாடகருக்கு மட்டும் சொந்தமில்லை
இசைக்குழுவுக்கு உறுப்பினர் ஒருவரின் பெயரை வைப்பது பாடகரின் தற்பெருமைதான் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஃப்ளீட்வுட் மேக் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவை எடுத்துப் பாருங்கள், 1967இல் அதைத் தொடங்கிய கிட்டார் கலைஞர் பீட்டர் கிரீன் தன் பெயரை விட்டுவிட்டு டிரம்ஸ் அடித்த மிக் ஃப்ளீட்வுட், பேஸ் வாசித்த ஜோன் மெக்வீ இருவரின் பெயரைத்தான் வைத்தார், அதுவும் மெக்வீ வந்து சேருவதற்கு முன்பே. 1970இல் கிரீன் விலகிய பிறகும் குழு ஓடியது. தன் பெயரிலேயே குழு வைத்திருந்த மன்ஃபிரட் மேனும் கீபோர்ட் வாசித்தவர்தான், பாடகர் வேறு ஆள். இங்கே திருகோணமலையில் என் மாமா ஒரு இசைக்குழுவில் டிரம்ஸ் அடித்தார், பெரிய டிரம்மின் முன்பக்கத்தில் சிவப்பு பெயின்டில் அவர் பெயரைக் குழுவின் பெயராக எழுதியதே பாடகர் அண்ணாதான். கோயில் திருவிழா முடிந்து விடியற்காலையில் சாமான் ஏற்றும்போது மாமா அந்த எழுத்தில் படிந்த தூசியைத் துடைத்துவிட்டுத்தான் உறையைப் போடுவார்.