கத்தினால் பீடி நிற்காது, டாக்டர்

இரண்டு நாளாக எல்லாரும் பகிர்கிற அந்த வீடியோவை நானும் பார்த்தேன். சட்டைப் பையில் பீடிக்கட்டு தெரிந்ததற்காக, ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு பெரியவரை அத்தனை பேர் முன்னால் நிற்க வைத்துக் கத்துகிறார் டாக்டர். கீழே, "இப்படிக் கேட்டால்தான் புத்தி வரும்" என்று பாராட்டு. வராதுங்க. எங்கள் வீட்டில் வரவில்லை.

இருமலுக்குப் போன அப்பாவை ஒரு டாக்டர் இதே மாதிரிதான் கத்தினார். அப்பா பீடியை விடவில்லை, டாக்டரிடம் போவதை விட்டுவிட்டார். நாலு வருஷம் மெடிக்கல் ஷாப் சிரப்பிலேயே ஓட்டினார்.

அப்புறம் எனக்குக் காய்ச்சல் என்று எங்கள் தெரு டாக்டரிடம் போனபோது, துணைக்கு வந்த அப்பாவைப் பார்த்து அவர் கேட்டது ஒன்றுதான்: "காலைல எழுந்து எவ்வளவு நேரத்துல முதல் பீடி?" பல் விளக்குவதற்கு முன்னாடியே என்றார் அப்பா. அப்படியென்றால் உடம்பே பீடியில் இருக்கிற நிகோடினுக்குப் பழகிவிட்டது, வெறும் வைராக்கியம் போதாது என்று சொல்லி, பீடியை நிறுத்த சீட்டில் ஒரு தேதி குறித்து, பீடிக்குப் பதிலாக மெல்ல நிகோடின் சூயிங்கம் எழுதினார். "சும்மா மென்னுக்கிட்டே இருக்காதீங்க, காரம் ஏறினதும் கன்னத்துல ஒதுக்கிடுங்க." மூணாவது வாரம் அப்பா மறுபடி பற்றவைத்துவிட்டு, தலைகுனிந்து போய் நின்றார். "சரி, அடுத்த தேதி என்னைக்கு வச்சுக்கலாம்?" என்றார் டாக்டர். அவ்வளவுதான். இரண்டாவது தேதியில் விட்டார்.

நூறு பேரைப் பார்க்கிற டாக்டருக்கு இதற்கெல்லாம் நேரம் எங்கே என்பீர்கள். கத்துவதற்கு நேரம் இருந்ததே! அந்த நேரத்தில் கேட்டிருக்கலாம். தேதி குறித்திருக்கலாம். ஒன்றும் முடியாவிட்டால், புகையிலையை விட உதவி கேட்க 1800-11-2356 என்ற இலவச எண் பீடிக்கட்டின் மேலேயே அச்சடித்திருக்கிறது, அதையாவது படித்துக் காட்டியிருக்கலாம்.

அக்கறையில்தான் திட்டினார் என்கிறார்கள். இருக்கட்டும். சிகரெட் பிடிக்கிற பணக்காரரிடம் அதே அக்கறை "கொஞ்சம் குறைச்சுக்கங்க சார்" என்று ஏன் மெதுவாக வருகிறது? பீடி பிடிக்கிறவனுக்கு மட்டும் மானம் கிடையாதா? விட முடியாமல் தவிக்கிறவனுக்கு மருந்து இருக்கிறது. நிகோடின் மருந்துகளை உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. அதை எழுதிக் கொடுக்காமல் அவமானத்தைக் கொடுத்து அனுப்புவது என்ன வைத்தியம்?

அப்பா இன்றைக்கும் மாடிப்படியில் பாதியில் நின்று, கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஏறுகிறார். அந்த நாலு வருஷத்தை யாரிடம் போய்க் கேட்பது? அந்தப் பெரியவர் நாளைக்கு நெஞ்சு வலித்தால் மறுபடி அந்த ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பாரா, கைதட்டியவர்களே சொல்லுங்கள்.