ஓர் ஓட்டை போட என்ன கேடு வந்தது?

நேற்றுக் காலை வரவேற்பறையில் இருந்த ஸ்நேக் பிளான்ட்டின் இலையைத் தொட்டேன். கையோடு வந்துவிட்டது. அடிப்பகுதி கூழாகி, சாக்கடை நாற்றம் அடித்தது. தொட்டியைச் சாய்த்தால் மண்ணுக்கு முன்னால் தண்ணீர் கொட்டுகிறது! வழவழவென்று வெள்ளைப் பீங்கான் தொட்டி. அடியில் ஓர் ஓட்டைகூட இல்லை. கீழே தட்டு ஒட்டியிருந்ததால் ஓட்டை இருக்கும் என்றே நம்பியிருந்தேன். ஓட்டையே இல்லாத தொட்டிக்குத் தட்டு எதற்கு? யாரை ஏமாற்ற?

"பராமரிப்பே வேண்டாம் மேடம், வாரம் ஒரு முறை தண்ணீர் விட்டால் போதும்" என்று சொல்லித்தான் 650 ரூபாய் வாங்கினார்கள். அந்த வாரக் கணக்கே தவறு. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த செடி இது. தடித்த இலையிலும் மண்ணுக்குள் ஓடும் கிழங்கிலும் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். மூன்று வாரம் மறந்துபோனாலும் அசையாமல் நிற்கும். தேங்கிய தண்ணீரைத்தான் தாங்காது. வேருக்கும் மூச்சு வேண்டும். மண்ணின் இடுக்கெல்லாம் தண்ணீர் நிறைந்தால் வேர் திணறி அழுகுகிறது. இதில் தொட்டி முழுக்கத் தென்னைநார்க் கழிவை அடைத்துக் கொடுக்கிறார்கள். தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும் பொருள் அது. சென்னையின் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில், வெயில் எட்டாத கூடத்தில், அது எப்போது காயும்?

கடைக்குப் போய்க் கேட்டேன். "அடியில் கூழாங்கல் போட்டிருக்க வேண்டும்" என்கிறார். கொதித்துப் போனேன். நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கல்லுக்குத் தண்ணீர் எளிதில் இறங்குவதில்லை. கல்லுக்கு மேலேயே தங்கி நிற்கும். ஈரம் வேருக்கு இன்னும் நெருங்கி வரும், அவ்வளவுதான். கல்லுக்குள் இறங்கிய தண்ணீருக்கும் வெளியேற வழி எங்கே இருக்கிறது? ஓட்டை இருந்தால் மேஜை நனையுமாம். அதற்குத்தானே ஐயா தட்டு!

சரி, வீட்டிலேயே துளைத்துக்கொள்ளலாம் என்றால் பளபளப்புப் பூச்சுள்ள பீங்கானுக்கு வைர முனை வைத்த துளைப்பான் வேண்டும். போன வருடம் சாதாரண முனையில் முயன்று இன்னொரு தொட்டி இரண்டாகப் பிளந்தது. சுடுவதற்கு முன், களிமண் ஈரமாக இருக்கும்போது, ஒரு விரலை விட்டு எடுத்தால் முடிகிற வேலை இது. எங்கள் தெருவில் மண் தொட்டி விற்பவர் ஓட்டை இல்லாத தொட்டியைக் கொண்டு வந்ததே இல்லை. என் அம்மா உடைந்த பிளாஸ்டிக் வாளியில் செடி வைத்தால்கூட, கம்பியைப் பழுக்கக் காய்ச்சி நான்கு ஓட்டை போட்டு, மண் ஓடிவிடாமல் ஓட்டுச் சில்லை வைத்து மூடிய பிறகுதான் மண்ணை அள்ளுவார். படிக்காதவர். அவருக்குத் தெரிந்தது, பெட்டிக்குள் பெட்டி வைத்து விற்கும் இவர்களுக்குத் தெரியாதா? தெரியும். செடி செத்தால் அடுத்த செடி விற்கும், அதுவும் தெரியும்.

அழுகாத இரண்டு இலைகளை மட்டும் துண்டு போட்டு, காயவைத்து, மணல் கலந்த மண்ணில் ஊன்றியிருக்கிறேன். வேர்விட ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். கடையில் இத்தனை செடிகளுக்கு நடுவில், இலையின் ஓரத்தில் ஓடிய மஞ்சள் கோட்டைப் பார்த்துத்தான் என் மகள் இதைத் தேர்ந்தெடுத்தாள். இலைத் துண்டிலிருந்து முளைக்கும் குட்டிக்கு அந்த மஞ்சள் கோடு வராது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.